சொட்டாத வால்வு

வால்வு சொட்டினால் சந்தோஷப்படுங்கள் என்று எங்கள் குழாய்ச் சாமான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன், ஐயா. பல்கேரியாவின் இந்த வீதின் நகரத்தில் பத்தொன்பது வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் சூடானால் விரியும். விரிந்த தண்ணீருக்குப் போக வழி வேண்டும். அந்த வழியை விடுவதுதான் பாதுகாப்பு வால்வு. தொட்டியின் தகட்டில் என்ன அழுத்த எண் போட்டிருக்கிறது என்று கேட்பேன். வால்வின் எண் அதைத் தாண்டக் கூடாது. பார்க்காமல் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். முதலாளிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் வீட்டுத் தொட்டி எண்பது லிட்டர். குளியலறைச் சுவரில் மாட்டியது. சூடு போதுமென்றதும் மின்சாரத்தை நிறுத்துகிற கருவி அதில் இரண்டு வருடத்துக்கு முன்பே செத்துவிட்டது. சிவப்பு விளக்கு அணையவே அணையாது. என் கணவர் ஹரலாம்பியிடம் சொன்னேன். விளக்குதான் கெட்டுவிட்டது, உன் வேலையைப் பார் என்றார். அதற்குப் பிறகு சுவிட்சைப் போட்டாலே வால்வு சொட்ட ஆரம்பித்தது. அந்த வீட்டில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

அவருக்குச் சொட்டுகிற சத்தம் ஆகாது. வைன் பாட்டில் தக்கையைச் சீவி வால்வின் வாயில் செருகிவைப்பார். அவர் மீன் பிடிக்க ஆற்றுக்குப் போனதும் நான் அதைப் பிடுங்கி எறிவேன். இப்படியே இரண்டு வருடம். அவர் உயிரை எத்தனை தடவை காப்பாற்றினேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அவரும் எண்ணவில்லை.

பிப்ரவரியில் அவருடைய பெயர் நாள், அதாவது அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள், வந்தது. அன்றைக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, எல்லோரும் தாமாகவே வருவார்கள். தேன் தடவிய ரொட்டியும் ரக்கியா சாராயமும் மேசையில் இருந்தன. குளியலறைக்குப் போய்வந்த ஒருவர், உங்கள் வீட்டில் ஏதோ ஒழுகுகிறதே என்றார்.

"ஊருக்குத்தான் உபதேசம். ஊரு பூரா வால்வு விக்கிறா, சொந்த வீட்டுல மூக்கு ஒழுகுது" என்றார் ஹரலாம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கு மிகவும் வலித்தது. அதோடு அவர் விடவில்லை.

"சொட்டாத வால்வு ஒண்ணு கொண்டா. இல்லேன்னா கடைக்குப் போறத நிறுத்திட்டு, வீட்டுலயே உக்காந்து தரையத் தொடை."

அவர் சொன்னால் செய்கிற ஆள். அந்தக் கடையை விட்டால் எனக்கென்று வேறு எதுவும் கிடையாது, ஐயா. அங்கேதான் நான் சொல்வதை நாலு பேர் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

திங்கட்கிழமை ஒருவர் வந்து வெறும் தடுப்பு வால்வு கேட்டார். அது தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது. பார்க்கப் பாதுகாப்பு வால்வு போலவே இருக்கும், சொட்டவே சொட்டாது. வீட்டோடு பறந்துபோக ஆசையா என்று அவரைத் திட்டி, சரியானதைக் கொடுத்து அனுப்பினேன். அவர் போனதும், அவர் கேட்டதில் ஒன்றை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

மாட்டியது நான்தான். ஹரலாம்பி காதை வைத்துக் கேட்டுப்பார்த்தார். "இப்பதான் உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்க" என்று தோளில் தட்டினார். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை. அந்த வாரம் நாங்கள் சந்தோஷமாகவே இருந்தோம். அன்றிலிருந்து நான் அக்கா வீட்டில் குளித்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்று சனிக்கிழமைகள் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது சனிக்கிழமையும் அவர் சொல்லிவிட்டுப் போனபடியே எட்டு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். பத்து மணிக்கு வந்து குளிப்பவர் வரவில்லை. டான்யூப் ஆற்றில் அன்று மீன் நன்றாக விழுந்ததாம். பதினொன்றுக்கு நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது தொட்டி முனகிக்கொண்டிருந்தது. சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவரைக் கேட்காமல் அணைத்தால் கோபிப்பார். நண்பகலில் வீட்டிலிருந்து போன் செய்தார். வெந்நீர் இருக்கிறதா என்றார். நிறைய இருக்கிறது என்றேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்டதைக் கொடுத்தேன், அவ்வளவுதான். போனை வைப்பதற்கு முன், குளிக்கும்போது கதவை இறுக்கச் சாத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். கூடத்துக்கு அந்த வாரம்தான் புதுத் திரைச்சீலை போட்டிருந்தேன்.