வெர்லின் ஹாகனுக்கு ஒரு பெற்றோர் கையொப்பம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேயர் ஓர்வல் லிண்டால் அவர்களே! விடிவதற்குள் அடுப்பை மூட்டி, உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கி ஹாட்டிஷ் சுட்டு, ஆறாமல் துணி போர்த்திக் கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே! மடக்கு நாற்காலியின் கொடுமையை முதுகெலும்பால் அறிந்த பெரியோர்களே! தலைநகரிலிருந்து மூன்று மணி நேரம் பனியில் கார் ஓட்டி வந்து, புறப்படும்போது வசதியாக இருக்கட்டுமென்று கதவோரமாகவே அமர்ந்திருக்கும் மாண்புமிகு செனட்டர் மெர்ல் கார்ஸ்டாட் அவர்களே! பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்கும் லோர்னா ட்வெய்ட் உங்களை வணங்குகிறேன்.

என்னை நன்றியுரைக்கு அழைத்தார்கள். எதற்கு நன்றி? இதோ, கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டு மெத்தையில் படுத்திருக்கிறதே ஒரு பேனா, அதற்கு! ஆளுநர் நம் சட்டத்தில் கையொப்பமிட்ட பேனா. ஒரு கையொப்பம், இருபத்திரண்டு பேனாக்கள்! ஒன்றால் ஒரு கோடு, ஒன்றால் ஒரு சுழி, ஊருக்கு ஒன்று பரிசு. நமக்கு வாய்த்தது ஒரு புள்ளி வைத்த பேனா. செனட்டர் சொன்னார், கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், குளிரில் கை விறைத்திருந்தது.

என்ன சட்டம்? முதியோருக்கு மருத்துவம், பிள்ளைகளுக்கு இணையத்தில் பாதுகாப்பு, பள்ளிக்குக் கல்வி வளம். மூன்றையும் ஒரே மூட்டையாய்க் கட்டினார்கள். கட்டியவர்கள் படித்தார்களா? படித்திருந்தால் கட்டியிருப்பார்களா?

ஊர் மருத்துவமனையை மூடினார்கள். பதிலுக்கு என் நூலகத்தில் ஒரு திரை வைத்தார்கள். காலையில் பிள்ளைகள் அதில் பாடம் படிக்கலாம், மாலையில் முதியோர் அதில் மருத்துவரைப் பார்க்கலாம். அருமை! அந்தத் திரைக்கே பிள்ளைகளைக் காக்க ஒரு பூட்டும் போட்டார்கள். அதனினும் அருமை!

இரண்டாம் வரிசையில் இருக்கிறாரே வெர்லின் ஹாகன், வயது எண்பத்து மூன்று, பலவீனமான இதயம். மருத்துவரைப் பார்க்கத் திரை முன் அமர்ந்தார். திரை என்ன கேட்டது தெரியுமா? "அந்நியருடன் பேசப் பெற்றோரின் கையொப்பம் தேவை."

"லோர்னா, எங்கப்பாகிட்ட கேக்கணுமாம்மா?" என்றார்.

"அப்படித்தான் போட்டிருக்கு வெர்லின்."

"அவரு சர்ச்சுக்குப் பின்னால படுத்து முப்பத்தெட்டு வருஷமாச்சு. உசுரோட இருந்தப்பவே கேட்டதுக்குப் பதில் சொல்லாத மனுஷன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் தலைநகருக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் தேன் வழியும் குரல்.

"மேடம், பள்ளிக் கம்ப்யூட்டர்ல உக்கார்றவங்க எல்லாருமே சட்டப்படி மாணவருங்க."

"அவருக்குக் கொள்ளுப் பேரன் இருக்கான்யா!"

"அப்ப அவரு நலனுக்கு எழுத்துல பொறுப்பேத்தவங்க யாராவது கையெழுத்துப் போடட்டும் மேடம்."

சரி, பிள்ளைகளையாவது காத்ததா அந்தப் பூட்டு? நான்காம் வகுப்பு முழுவதும் முதல் நாளே கையொப்பப் படிவத்தில் தாயின் பெயரைத் தாங்களே எழுதித் திறந்துவிட்டார்கள்! மாட்டிக்கொண்டவர் வெர்லின் ஒருவரே. "நீங்களும் அப்படியே எழுதிடுங்களேன்" என்றேன்.

"எட்டாவது படிக்கறப்ப ஒரு தடவ எங்கம்மா கையெழுத்தைப் போட்டேன். வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு. மாட்டேன்மா."

இப்படியே இரண்டு சந்திப்புகள் போயின. மருந்தின் அளவை மாற்ற ஆளில்லை. கால் வீங்கி, பூட்ஸுக்குள் நுழையவில்லை. வெளியே முழங்கால் வரை பனி, உள்ளே அவர் காலில் வீட்டுச் செருப்பு! குனிந்து பாருங்கள் செனட்டர் அவர்களே! எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு?

என்ன சொல்கிறார் செனட்டர்? உரக்கச் சொல்லுங்கள் ஐயா!

"அடுத்த கூட்டத் தொடர்ல திருத்தம் கொண்டு வர்றோம்மா."

கேட்டீர்களா? நம் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் கூடும், அடுத்ததற்கு இன்னும் பதினான்கு மாதம்! வெர்லினின் அடுத்த சந்திப்பு வியாழக்கிழமை! இன்று செவ்வாய்! அந்த இதயத்துக்குக் கூட்டத் தொடர் உண்டா? இடைவேளை உண்டா?

கோடையில் வீடுதோறும் வந்ததே செனட்டரின் வண்ண அட்டை, என்னிடம் இருக்கிறது. வாசிக்கிறேன்: "இத்தொகுதியின் ஒவ்வொரு முதியவரின் நலனுக்கும் நானே பொறுப்பு." நீங்களே எழுதியது. சட்டம் தேடும் ஆள் நீங்கள்தான்!

மேயர் அவர்களே, மன்னியுங்கள், பெட்டியைத் திறந்துவிட்டேன். பேனாவை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு புள்ளிதான் வைத்திருக்கிறது, மை நிறைய இருக்கிறது. இதோ படிவம். மாணவர் பெயர்: வெர்லின் ஹாகன். எழுதிவிட்டேன். கீழே ஒரு கோடு, அது மட்டும் காலி.

எழுந்துவிட்டீர்களா செனட்டர் அவர்களே? கதவு அந்தப் பக்கம், படிவம் இந்தப் பக்கம். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. வாருங்கள், முழுப் பெயரையும் எழுதுங்கள், இந்த ஒரு பேனாவாலேயே.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், ஹாட்டிஷ் ஆறினாலும் காத்திருந்த தாய்மார்களுக்கும் நன்றி. செனட்டருக்குரிய நன்றியைக் கையில் வைத்திருக்கிறேன், அவர் கையொப்பமிட்டதும் தருகிறேன். வணக்கம்.