வெள்ளைப் பொட்டு

டீயில் நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை மேடம். போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள், பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன். யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மெக்கானிக் யூனுஸ் செத்தது விபத்து என்று நீங்கள் முடித்து வைத்திருக்கிறீர்கள். அது விபத்து இல்லை.

என் பெயர் லட்சுமிநாராயணன். கணபதி ஏரியாவில் பட்டறை. பழைய கார்களின் இன்ஜின் பாகங்களுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கிறேன், முப்பது வருஷமாக. காரின் வெளிப்பக்கம் அடிக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. பழைய பெயின்ட்டை உரித்து, துருவை எடுத்து, பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்து, கடைசியில் ஒரு பேக்கரிக்காரரிடம் வாங்கிய பழைய அடுப்பில் வைத்து வாட்டி எடுப்பேன்.

உரித்த இரும்பைப் பார்க்கிறவன் நான் ஒருத்தன்தான். பெயின்ட் ஏறிவிட்டால் அப்புறம் யார் கண்ணுக்கும் விரிசல் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடியைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு தெரியும். கோடு இல்லையென்றால் பாகத்தின் பின்பக்கம் மிளகளவு வெள்ளைப் பொட்டு வைப்பேன். மேட்டுப்பாளையத்திலிருந்து காங்கேயம் வரை மெக்கானிக்குகளுக்கு அந்தப் பொட்டு தெரியும். அதைப் பார்த்தால் வேறெதுவும் பார்க்காமல் மாட்டிவிடுவார்கள்.

யூனுஸ் கோட்டைமேட்டுக்காரன். என் மகள் கல்யாணத்தில் முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு பந்தி பரிமாறினவன். எனக்கு அவன்மேல் பகை கிடையாது.

ரேஸ்கோர்ஸ் ரோட்டில் ஞாயிறுதோறும் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்களை வரிசையாக நிறுத்தி பானட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். காங்கேயத்து எண்ணெய் மில்காரர் திருமூர்த்தியின் காரும் நின்றது; அதற்கு மெக்கானிக் யூனுஸ்தான். அதன் இன்ஜின் மேல்மூடிக்குப் பச்சை அடித்தது நான். பதினொரு நாள் வேலை. பத்துப் பேர் பார்க்க யூனுஸ் சாவியை எடுத்து அதன் ஓரத்தில் ஒரு கீறு கீறினான்.

“அண்ணன் பெயின்ட்டு இப்பெல்லாம் வெண்ணெயாட்ட இருக்குதுங்க. வயசாயிப்போச்சுல்லீங்க,” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவனே தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். சர்க்கரை வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்ல அவனுக்கு ஞாபகம் இருந்தது. கீறல் ஒன்றரை அங்குலம்.

ஆடியில் அதே காரின் இன்ஜினைக் குளிர்விக்கிற ஃபேனை, பெயின்ட் அடிக்கச் சொல்லி அவனே கொண்டுவந்து கொடுத்தான். உரித்தேன், மண்ணெண்ணெய் தடவினேன், பொடி தூவினேன். நாலு இறக்கையில் ஒன்றின் அடியில், தலைமுடி அளவுக்குக் கோடு கசிந்தது. எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது.

ஏனென்றால் யூனுஸ் இன்ஜினைச் சோதிக்கிற விதம் எனக்குத் தெரியும். ஃபேன் பக்கமாகக் குனிந்து, காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கையாலேயே ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்து வேகத்தை ஏற்றுவான். இருபது வருஷமாக அப்படித்தான்.

விரிசலுக்குப் பட்டி வைத்து வழவழவென்று தேய்த்தேன். ஐந்து கோட்டிங் கறுப்பு பெயின்ட். ஆறு நாள் ஆயிற்று. பின்பக்கம் வெள்ளைப் பொட்டும் வைத்தேன். யூனுஸ் வந்து திருப்பிப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான், அவ்வளவுதான்.

“கண்ணாடியாட்ட இருக்குதுங்கண்ணா. அன்னைக்கு வெளையாட்டுக்குச் சொல்லிப்போட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் எப்பவோ மறந்துபோட்டேன் கண்ணு. கொண்டுபோய் மாட்டு,” என்றேன்.

அப்போதே திரும்ப வாங்கியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். வாங்கினால் மறுபடி உரிக்க வேண்டும். அவ்வளவு நல்ல வேலையை உரிக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ரேஸ்கோர்ஸுக்குப் போனேன். இறக்கை பறந்தால் வராத இடமாகப் பார்த்து, காரின் பின்பக்கம் நிற்பேன். “கிட்ட வாங்கண்ணா, சத்தத்தக் கேளுங்க,” என்று கூப்பிடுவான். இங்கிருந்தே கேட்கிறது என்பேன். எட்டு ஞாயிறு தாங்கியது. ஒன்பதாவது ஞாயிறு இறக்கை முறிந்து அவன் கழுத்தில் இறங்கியது. தூக்கிக் காரில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. முதல் ஆளாக ஓடிப் பிடித்தவன் நான்தான், விசாரித்துப் பாருங்கள்.

அவன் பெண்டாட்டி சாஜிதா பேகம் பட்டறைக்கு வந்தாள். “பாக்காம மாட்டிப்போட்டாருன்னு எல்லாரும் பேசறாங்கண்ணா. அவரு அப்படிப்பட்ட ஆளுங்களா? நீங்க சொன்னா ஊரு நம்புமுங்க,” என்றாள்.

“கொஞ்சம் அவசரக்காரன்தானே அம்மணி, என்ன பண்றது,” என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அத்தோடு இருந்திருப்பேன் மேடம். நேற்று திருமூர்த்தி, வண்டியைச் சோதித்த இன்ஜினியரின் ரிப்போர்ட்டைக் காட்டினார். மட்டமான பெயின்ட் வேலை, அது வெடித்து உள்ளே ஈரம் இறங்கியதால் இறக்கை முறிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஒரு மனிதனின் முப்பது வருஷத்தை இப்படியா எழுதுவது.

விரிசல் இருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்துதான் மூடினேன், யூனுஸ் சாக வேண்டும் என்றுதான் பொட்டு வைத்தேன். இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ‘மட்டமான’ என்கிற வார்த்தையை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். அந்த இறக்கைத் துண்டு உங்களிடம்தானே இருக்கிறது. சாவியை எடுத்து அதில் கீறிப் பாருங்கள் மேடம். இறங்காது.