சக்கர நாற்காலி திரும்பும் இடம்

வாசலுக்கு நிலைப்படி வைக்காவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். வராது, சார். தண்ணீர் வெளியே ஓடும்படி லேசாக வாட்டம் கொடுத்தால் போதும். சங்கரன்கோவிலில் எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டுக்கும் நிலைப்படி கிடையாது. வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் குறைந்த வாடகைக்குக் கொடுக்கவென்று ஓர் அறக்கட்டளை கட்டியது. பிளான் போட்டது நான். கட்டி முடித்ததும் நிர்வாகத்தையும் இந்த எபினேசரிடமே விட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்புவதற்கு. அங்கே எதையும் வைக்கக் கூடாது. ஆனாலும் வைப்பார்கள். அரிசிப் பானை, தகரப்பெட்டி, எதையாவது. நான் போய்ச் சொல்லுவேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி கோடி வீட்டில் இருந்தார். கரிவலம்வந்தநல்லூர் பக்கம் மினி பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. இறந்துபோன மனைவியின் தையல் மெஷினை அந்த இடத்தில்தான் போட்டிருந்தார்.

"வண்டி திரும்ப இடமில்லையே அண்ணாச்சி. இதை எடுத்துருங்க."

"அவ உக்காந்து தச்ச மெஷினு தம்பி. எங்கன கொண்டு போடச் சொல்லுதிய? நான் ஒதுங்கிப் போய்க்கிடுதேன்."

ஒதுங்கித்தான் போனார். நாற்காலி உரசி உரசிச் சுவரில் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. பார்வையிட வருகிறவர்களை அந்த வீட்டுக்கு மட்டும் நான் கூட்டிப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராயகிரியிலிருந்து கோமதித்தாய் என்ற பெண் அடிக்கடி வருவாள். கிணற்றில் விழுந்ததில் அவள் மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வளர்ந்த பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்து நிற்பாள். "ஒரு வீடு காலியானா சொல்லுங்க சார்" என்பாள். அவர்களை நினைத்துத்தான் செய்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆடித்தபசு அன்று மதியம் எல்லோரையும் வேனில் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அண்ணாச்சி கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்று இருந்துவிட்டார். நான் அலுவலகத்தில் இருந்தேன். கோடி வீட்டு அழைப்பு மணி அடித்தது. மணிக் கயிறு பெரும்பாலும் கட்டில் உயரத்தோடு நின்றுவிடும். நான் தரைவரை தொங்கவிட்டிருக்கிறேன். விழுந்து கிடப்பவருக்கு எட்ட வேண்டுமல்லவா.

போய்ப் பார்த்தேன். நாற்காலி மெஷினில் சிக்கிச் சரிந்திருந்தது. அவர் தரையில் கிடந்தார். மெஷினின் இரும்புக்கால் தலையில் பட்டு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கயிறு அவர் கையில் இருந்தது.

"நான் சொன்னேம்லா அண்ணாச்சி" என்றேன்.

"ஆமா தம்பி. நீங்க சொன்னது சரிதான். மெஷினை எடுத்துருங்க. என்னையத் தூக்கிவிடுங்க."

கதவைச் சாத்திவிட்டு அலுவலகத்துக்கு வந்தேன். மணி மறுபடியும் அடித்தது. மணியின் சுவிட்சை அணைத்தேன். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேன் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்பே சத்தம் நின்றுவிட்டது. உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விபத்து என்றே எல்லோரும் நம்பினார்கள். பக்கத்து வீட்டு உச்சிமாகாளி கோயிலுக்குப் போகாமல் படுத்திருந்ததும், நாங்கள் பேசியதைச் சுவர் வழியாகக் கேட்டதும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவர் கேட்டது உண்மை. நான் மறுக்கவில்லை.

மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டேன். சுவரைப் பூசி வெள்ளையடித்தேன். கோமதித்தாய் மகளைச் சுமந்துகொண்டு வந்து வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது.

"இங்கன அடுப்பு வச்சுக்கிடுதேன் சார். அங்கன இவ துணிப்பெட்டி. நடுவுல எனக்கு ஒரு பாய்" என்று கையை நீட்டிக் காட்டினாள்.

இன்னும் வேலை முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகும் பலமுறை வந்தாள். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன்.

அந்த வீட்டை நீங்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், சார். நான் வரைந்தது போலவே இருக்கிறது.