ஒளித்து வைத்த ஃப்ரிட்ஜ்

ஆரணியிலிருந்து சேவூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"எங்க வூட்டு ஃப்ரிட்ஜ எதிர்வூட்ல ஒளிச்சி வெச்சதுக்கு, வெளிநாட்ல எழுந்து நின்னு கை தட்டினாங்களாம்."

"இன்னாக்கா சொல்ற?"

"நம்ம வூட்ல படம் எடுத்தானே ஒரு தம்பி, அவனுக்கு அதான் முதல் படம். பிரான்ஸ்காரங்களும் கூட்டு சேந்து எடுத்தது. பட்டு நெய்யிறவங்க கஷ்டமாம். ஏழ வூடா தெரியணும்னு, ஃப்ரிட்ஜ எதிர்வூட்டுக்குத் தூக்கினான், ஓடிகினு இருந்த பவர்லூம நிறுத்தினான். புதுசா பெயிண்ட் அடிச்ச சுவத்துல கரியப் பூசினான். திரைப்பட விழாவுல பாத்தவங்க, அப்படியே நிஜமா கீதுன்னு பரிசு குடுத்துட்டாங்க."

"நல்ல விஷயம்தானே?"

"இன்னா நல்ல விஷயம்? என் பொண்ணப் பாத்துட்டுப் போன தேசூர்க்காரங்க, அந்தப் படத்துல நம்ம வூடு வர்ற துண்ட போன்ல பாத்துட்டாங்க. சோத்துக்கே வழியில்லாத வூட்டு சம்பந்தம் வேணாம்னுட்டாங்க."

"அவனாண்ட சொன்னியா?"

"போன் போட்டு அழுதேன். எல்லாத்தையும் கேட்டுகினான். அப்புறம், 'அக்கா, இதையே அடுத்த படமா எடுக்கட்டுமா'ன்றான்."

"அடப்பாவி! நீ இன்னா சொன்ன?"

"எடுத்துக்கோ, ஆனா இந்த வாட்டி ஃப்ரிட்ஜு நடுவூட்ல நிக்கணும்னேன்."