சூடு பிடிக்காத மூட்டை

விதை நெல்லுக்கு முப்பத்தாறு மணி நேரம் வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில், இருபத்துநான்கு மணி நேரம் மூட்டத்தில். விடியற்காலையில் ஊறப்போட்டால், பொழுது அடையும்போது தண்ணீரை வடித்துச் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே கல் ஏற்றுவோம். மறுநாள் பொழுது அடையப் பிரித்தால் ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். உடனே நாற்றங்காலில் பாவிவிட வேண்டும். அப்படியே விட்டால் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

நீங்கள் குற்றாலத்து அருவியைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் நெல்லைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் விளங்கும்.

என் வீட்டுக்காரர் சங்கரபாண்டிக்குக் கைராசி உண்டு என்று ஊரில் பேச்சு. எங்கள் ஊர் தென்காசிக்கு வடக்கே, சுந்தரபாண்டியபுரம் போகும் வழியில். கார், பிசானம் என்று வருஷத்தில் இரண்டு போகத்துக்கும் ஆறு வீட்டுக்காரர்கள் தங்கள் விதையை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். எங்களோடு சேர்த்து ஏழு வீடு. எல்லாருக்கும் குத்தகை நிலம்தான். கல்தொட்டியிலும் அண்டாக்களிலும் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பேன். அவர் முதல் பிடியை அள்ளிப் போடுவார். பிறகு நாற்றங்காலைச் சமப்படுத்தப் போய்விடுவார். ஊறும் நெல்லைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் ஒவ்வொரு தடவையும் ஒரே கேலியைச் செய்வாள். "மதினி, அண்ணன் கைய ஒரு நாளைக்கு இரவல் தாங்க. எங்க வீட்டு ஆம்பள போட்டா கருங்கல்லுதான் முளைக்குது."

"கைய மட்டும் கொண்டு போ. ஆள விட்டுட்டுப் போ" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே கையைத் துண்டில் துடைப்பார்.

போன தை மாதம் என் அண்ணன் நல்லகண்ணு கடிதம் எழுதினார். அவருக்கு மில்லில் வேலை. அங்கே ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது, குடியிருக்க வீடு தருவார்கள், குழாயில் தண்ணீர் வரும், தெருக்கோடியில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன்.

"வயலக்கூட விட்டுருவேம்ட்டி. இந்தக் கைய எங்கன கொண்டு வைக்க?" என்றார். "நான் போயிட்டா ஊருக்கு முதல் பிடி யாரு போடுவா?"

அதைப் பற்றிச் சில நாள் யோசித்தேன். அவரைக் கட்டி வைத்திருப்பது நிலம் இல்லை, கை. அந்தக் கைக்குப் பெயர் போய்விட்டால் அவர் என்னோடு கிளம்பி வந்துவிடுவார். அவர் நல்லதுக்காகத்தான் அப்படி நினைத்தேன்.

சாப்பாட்டு நெல்லையும் நாங்கள் ஊறப்போட்டுத்தான் அவிக்கிறோம். அவித்த நெல் அடுப்படியில் சிந்தினால் முளைப்பதில்லை. பச்சை நெல் சாக்கடையில் விழுந்தால்கூட முளைக்கிறது. நான் மூன்று பிடி நெல்லை மூன்று துணியில் முடிந்தேன். ஒன்றைப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். இன்னொன்றை, கையை விட்டு ஐந்து எண்ணுவதற்குள் வெளியே எடுக்கத் தோன்றும் சூட்டில் போட்டேன். முதலாவது முளைத்தது. கொதிநீரில் போட்டது உமி பிளந்துவிட்டது. மூன்றாவது பார்ப்பதற்குப் பச்சை நெல் மாதிரியே இருந்தது. நிறம் மாறவில்லை, உமி திறக்கவில்லை. முளைக்கவும் இல்லை.

வைகாசியில் கார் விதை ஊறப்போட்டோம். அன்றைக்கே சாப்பாட்டு நெல்லும் அவித்தேன். அதனால் அடுப்பு எரிந்ததை யாரும் கேட்கவில்லை. ஏழு வீட்டு விதை. எங்கள் விதையை மட்டும் கெடுத்தால் கையைக் குறை சொல்லமாட்டார்கள், நெல்லைத்தான் சொல்வார்கள்.

முளைக்கிற நெல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நல்ல மூட்டத்துக்குள் கையை விட்டால் ஆட்டுக்குட்டியின் வயிற்றைத் தொட்டது போல இருக்கும். மறுநாள் பொழுது அடைய அவர் முதல் மூட்டையைப் பிரித்துக் கையை விட்டார். வெளியே எடுத்தார். அடுத்த மூட்டைக்குள் விட்டார். ஏழிலும் பார்த்துவிட்டு, "குளிர்ந்து கிடக்கு" என்றார். 

காரணத்தை ஊரே கண்டுபிடித்துக்கொண்டது. எங்களிடம் விதை கொடுத்திருந்த பலவேசம் அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். "போன பிசானத்துல, வீட்டுல பிள்ளை செத்துக் கிடக்க விதை பாவினான்லா? தீட்டுப்பட்ட கை. எப்படிலே முளைக்கும்?"

அந்தப் பிசானம் நன்றாக விளைந்தது. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் சொல்லவில்லை.

பிள்ளை என்றால் எங்கள் வடிவு. மூன்று வயது. போன புரட்டாசியில், விதை மூட்டத்தில் இருந்த நாளில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மதியத்துக்கு மேல் கண்ணைத் திறக்கவில்லை. வண்டி கட்டித் தென்காசிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நானே நாற்றங்காலுக்கு ஓடினேன். அப்போது முப்பத்தைந்தாவது மணி. அவர் முழங்கால் சேற்றில் நின்றார். "முளை கட்டுன நெல்லு காத்துக்கிடாதுட்டி. ஏழு வீட்டு வெதை. பாவிட்டு வந்திருதேன்" என்றார். விளக்கேற்றும் நேரத்துக்கு வந்தார். சேற்றுக் கையைக் கழுவிவிட்டு அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தார். "சூடு இறங்கிட்டுட்டி" என்று சிரித்தார்.

நான் அதற்காக அவரைக் குறை சொன்னதே இல்லை. நீங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கார் போயிற்று. நிலத்துக்காரர்கள் காத்திருக்கவில்லை. நாற்று வைத்திருந்த வெளியூர் ஆட்களுக்கு வயலைக் கொடுத்தார்கள். மூன்று வீட்டுக்காரர்கள் செங்கோட்டை வழியாகப் புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார்கள். ஆவுடையம்மாள் போகும்போது எங்கள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அங்கே போய் இருபது நாளில் மலைக்காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பலவேசம் அண்ணாச்சி சந்தையில் மூட்டை தூக்குகிறார்.

தீட்டுப் போக நாற்பத்தொரு நாள் அருவியில் கையை நனைக்கச் சொன்னார்கள். ஆனி பிறந்ததும் தொடங்கினார். தினமும் அவருக்குத் துணையாகத் துண்டை எடுத்துக்கொண்டு நானும் போவேன். தண்ணீர் விழுகிற இடத்தில் வலது கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பார். பிறகு என்னிடம் வந்து நீட்டுவார்.

"தொட்டுப் பாருட்டி. சூடு வந்திருக்கா?"

தொட்டுப் பார்த்து, "வரல" என்பேன்.

பத்தொன்பதாம் நாள் வெள்ளம். செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் இறங்கவில்லை. அவர் ஓரத்தில் கையை நனைத்துக்கொண்டு வந்து நீட்டினார். நான் தொட்டேன். அன்றைக்கு அந்தக் கை சூடாகத்தான் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் என்று நினைக்கிறேன். "வரல" என்றேன். அவர் திரும்பி, நடுவில் விழுகிற தண்ணீருக்குள் நடந்து போனார். நான் தள்ளவில்லை. துண்டு என் தோளில் இருந்தது.

ஏன் செய்தாய் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். சொன்னேனே, ஐயா. மில்லுக்குப் போய் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான்.

அண்ணனின் கடிதங்களைக் காட்டு என்கிறீர்கள். முதல் கடிதம் பெட்டியில் இருக்கிறது. இரண்டாவது இல்லை. அது சித்திரைக் கடைசியில் வந்தது. மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், நானே வாசித்தேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள், இனிமேல் வர வேண்டாம் என்று எழுதியிருந்தார். கிழித்து அடுப்பில் போட்டேன்.

விதைக்கு வெந்நீர் வைத்தது அதற்குப் பதினோரு நாள் கழித்து.