லோர்னாவுக்கு ஒரு மினிவேன்

இல்ல தம்பி, காப்பியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்தப் பின்பக்கக் கதவத் தொற. ஸ்டெப்னி வைக்கிற குழிக்குள்ள கைய விட்டுப் பாக்கணும். சேறு ஒட்டுச்சுன்னா வெள்ளத்துல முங்குன வண்டின்னு அர்த்தம். ஏன் சிரிக்கிற? நாப்பது வருஷமா இந்த அயோவாவுல பழைய வண்டியாப் பாத்து வாங்கி ஓட்டுறவன் நான். இந்த மெர்ல் டீடமன் புது வண்டி வாங்கி இந்த ஊர்ல எவனும் பாத்ததில்ல.

ம்... சேறு இல்ல. சரி. ஆனா இது என்ன வாசன? வாசன அட்டை ஒண்ணு தொங்குனா போதாதா, மூணு எதுக்கு? எதையோ மறைக்கத்தான? ஓ, நாயா? நாய்னா பரவால்ல. எங்க வீட்லயும் அந்த வாடைதான்.

இரு, கீழ குனிஞ்சு பாத்துர்றேன். முட்டி மடங்காது, கையப் புடி. ஆங். பாத்தியா, புதுசா கருப்புப் பெயிண்டு. பனி உருகறதுக்கு ரோட்ல கொட்டுற உப்பு அடித்தகரத்தத் துருவாத் தின்னுருக்கும், அதுக்கு மேல பூசி வச்சிருக்கீங்க. உன்னச் சொல்லல, உனக்கு வித்தவனச் சொல்றேன். சரி, உன்னையும்தான் சொல்றேன். முப்பதாயிரம் மைல்தான் ஓடியிருக்குங்கிற. அப்ப பிரேக் மிதிக்கிற ரப்பரு ஏன் இப்பிடி வழவழன்னு தேஞ்சு கெடக்கு?

மினிவேனா? எனக்கில்ல, என் பொண்டாட்டிக்கு. லோர்னான்னு பேரு. வெளியில நிக்குதே என்னோட பிக்கப் ட்ரக்கு, அதுல ஏற அவளுக்கு முடியல. ஒரு மரப்பெட்டியப் படி மாதிரி போட்டுக் குடுத்தேன். அது மேல நின்னுக்கிட்டு மூச்சு வாங்குறா. இதுல கதவு தானா ஒதுங்குது, சீட்டு இடுப்பு ஒசரத்துல இருக்கு. வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும், தொண்ணூறு மைலு. வா, மேசைகிட்ட ஒக்காந்து வெலயப் பேசலாம்.

எங்க எந்திரிக்கிற? மேனேஜரக் கேட்டு வெலயக் கொறைக்கவா? ஒக்காரு. எனக்கு முன்னாடி வந்த ஆளுக்கும் அப்பிடித்தான் உள்ள போன. கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். நின்னு டோனட்டு தின்ன, வாயத் தொடச்ச, வெளியில வந்து ரொம்பப் போராடுனேன் சார்னு சொன்ன.

என்ன, லீசா?

இரு இரு. பழசு வேணாம், புது வண்டிய லீசுக்கு எடுங்க, ரெண்டு வருஷம் ஓட்டிட்டுத் திருப்பி விட்ருங்கங்கிற. என் மச்சினன் எடுத்தப்ப மூணு வருஷம்னுதான் ஆரம்பிச்சாங்க. திருப்பி விடும்போது ஒரு காப்பிக் கறைக்குக்கூடக் காசு புடுங்குனாங்க, அது வேற கத. நீ ஏன் எடுத்த எடுப்புல ரெண்டுங்குற? நா வருஷக் கணக்கே பேசலையே.

வண்டியப் பாக்காத, என்னப் பாத்துச் சொல்லு. லோர்னா போன் பண்ணாளா?

ம். எப்ப?

செவ்வாக்கெழம சாயங்காலமா. அன்னைக்குத்தான் தம்பி, டாக்டர் ரூமுக்குள்ள நீ வராத, நானே போயிக்கிறேன்னா. எப்பவும் நாந்தான் கூட ஒக்காருவேன், மருந்து பேரெல்லாம் நோட்டுல எழுதிக்குவேன். அன்னைக்கு என்ன வெளியில ஒக்கார வச்சிட்டா. திரும்பி வந்து, ஒண்ணுமில்ல, அதே மருந்தத்தான் சாப்டச் சொன்னாருன்னா. வழி பூரா சோளக்காட்டப் பாத்துக்கிட்டே வந்தா. வீடு வந்ததும், நீ போயி நாயக் கொஞ்சம் நடத்திட்டு வான்னு அனுப்புனா. அப்பத்தான் உனக்குப் போன் போட்டுருக்கா.

சாப்பிடும்போது எங்கிட்டயும் சொன்னா. எதுக்கு மெர்ல் வெலைக்கு வாங்குற, ரெண்டு வருஷத்துக்கு லீசு எடுத்தாப் போதுமேன்னா. நாப்பத்தோரு வருஷமா அவகூடக் குடும்பம் நடத்துறேன். எதையும் வாடகைக்கு எடுத்தவ இல்ல. கம்பளம் கழுவுற மிஷின ஒரு நாளைக்கு எடுத்துட்டு வந்ததுக்கே, அடுத்தவன் பொருள வச்சுக்கிட்டு நா ஏன் பயந்து சாகணும்னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா.

எதுக்கு ரெண்டு வருஷம்னு நீ அவளக் கேட்டியா?

கேக்கலையா. ம். நானும் கேக்கல. பயமா இருந்துச்சு.

சரி, அந்த ஃபாரத்த எடு. இந்தப் பழசு வேணாம். அந்த ஓரத்துல நீலமா நிக்குதே, புதுசு, அதையே எழுது. லீசு இல்ல, வெலைக்கு. மாசத் தவணை அதிகபட்சம் எத்தன வருஷத்துக்குக் குடுப்பீங்க? ஏழுதானா? அதுக்கு மேல இல்லையா? சரி, ஏழே போடு. வட்டி கூடும்னு எனக்கும் தெரியும். ரெண்டு பேர் பேர்லயும் எழுதணும். இல்ல, என் பேரு ரெண்டாவது. மொதப் பேரு லோர்னா. அவளுக்குப் பதிலா நா கையெழுத்துப் போட்டாச் செல்லாதுல்ல? அவளே வந்துதான போடணும்? அதான் கேட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டிட்டு வர்றேன். ஏழு வருஷம் கட்டுறேன்னு அவ கையாலயே எழுதிக் குடுக்கட்டும். எழுதிக் குடுத்துட்டு ஏமாத்துற பொம்பள இல்ல தம்பி அவ.