வெட்டி எறிந்த மூச்சு

இந்த வெற்றி விழாவுக்குத் தலைமையேற்று, கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் இசை நிறுவன மேலாளர் அவர்களே, முன்வரிசையை முகமலர்ச்சியால் நிரப்பியிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகள் போடும் சத்தத்தைப் பொறுத்துப் பொறுத்தே பூமியின் பொறுமையையும் மிஞ்சிவிட்ட தாய்மார்களே, ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓடிப்போய் இடம்பிடித்துவிட்டு இப்போது காதைப் பொத்திக்கொண்டிருக்கும் நண்பர்களே, தூணுக்குப் பின்னால் நின்றால் எனக்குத் தெரியாது என்று நினைக்கும் என் அப்பா அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் பாடகி அல்ல, பேச்சாளரும் அல்ல. பள்ளிக்கூடத்தில் படிக்கிறேன். 'பஞ்சுமூட்டை' குழுவில் டிரம்ஸ் அடிப்பவளின் தங்கை.  

பின்னால் யாரோ சத்தமாகப் பேசச் சொல்கிறீர்கள். பேசுகிறேன் அண்ணா. எங்கள் வீட்டில் எதற்கு வேண்டுமானாலும் பஞ்சம் வரும், சத்தத்துக்கு வருமா?

அப்பா மெத்தை தைப்பவர். கடைக்குப் பின்னால் குடோன். சுவரெல்லாம் மெத்தை, தரையெல்லாம் பஞ்சு. எவ்வளவு அடித்தாலும் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராத இடம் இந்த ஊரிலேயே அது ஒன்றுதான். அங்கேதான் நான்கு பேரும் கூடினார்கள். கிட்டார் அண்ணன், பேஸ் கிட்டார் அண்ணன், என் அக்கா, ராப் பாடும் 'குண்டூசி' அண்ணன். ஏன் குண்டூசி? ஆள் ஒல்லி, வாய் கூர்மை. இடம் குறுகலானதால் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்துதான் வாசிப்பார்கள். "ஒன்று, இரண்டு" என்று எண்ணித் தொடங்கும் வழக்கமே அவர்களிடம் கிடையாது. குண்டூசி அண்ணன் மூச்சை இழுப்பார். அந்த மூச்சு முடியும் இடத்தில் அக்காவின் குச்சி விழும். அவ்வளவுதான் அவர்கள் இலக்கணம்.

அப்படிப் பிறந்ததுதான் முதல் பாடல் தொகுப்பு, 'கதவைச் சாத்து'. அது ஓடாத பேருந்து உண்டா? ஒலிக்காத முடிதிருத்தும் கடை உண்டா? முன்பு அக்கா வீட்டில் அடித்தபோது போலீசில் சொல்வேன் என்று எங்களை மிரட்டிய மாடிவீட்டு மாமாவின் செல்பேசியிலேயே அது அழைப்பு மணியாக அலறியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அப்பா அசையவில்லை. ஒருமுறை ஜெயித்தால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம், மறுமுறையும் ஜெயித்தால்தான் தொழில் என்றார். இரண்டாவது தொகுப்பு தோற்றால் டிரம்ஸ் கட்டி மூலையில் வைக்கப்படும், அக்கா கடையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டும். அக்காவும் தலையாட்டிவிட்டாள். வேறு என்ன செய்வாள்? அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்திருப்பாள். கவலையோடு அல்லவா சொன்னார்.

வெற்றி வந்தது. வெற்றியோடு விமர்சனமும் வந்தது. ஒரு பத்திரிகையில், பாட்டு நன்று, ஆனால் வரிக்கு வரி பாடகர் மாடிப்படி ஏறியவர் போல மூச்சு வாங்குகிறார் என்று எழுதிவிட்டார்கள். ஊரே கொண்டாடியது ஒரு காதில் போய் மறு காதில் வந்துவிட்டது. அந்த ஒரு வரி மட்டும் குண்டூசி அண்ணனின் நெஞ்சிலே முள்ளாகத் தைத்து நின்றது.

அடுத்த தொகுப்பு பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில். ஆளுக்கொரு கண்ணாடி அறை, ஆளுக்கொரு ஹெட்போன், அதில் ஒலிக்கும் 'டக் டக்' கணக்குக்கு வாசிக்க வேண்டும். தேன் போல வழவழவென்று வந்தது இசை. கேட்டவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். எல்லாரும் பிரமாதம் என்றார்கள், ஒருவர் காலும் ஆடவில்லை. குண்டூசி அண்ணனின் அம்மா மட்டும் இரண்டு பாட்டைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குப்பா, எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

சிரிக்காதீர்கள். அன்று நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

வெளியீட்டு நாள் அறிவித்தாயிற்று. மேடைக்குப் பழகலாம் என்று அந்தப் பதிவை ஓடவிட்டு அக்கா கூடவே அடித்தாள். முதல் அடி தவறியது. மீண்டும் தவறியது. மீண்டும், மீண்டும். கண்ணை மூடிக்கொண்டே சரியாக அடிப்பவள், தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, குண்டூசி அண்ணனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, நேரில் பாடச் சொன்னாள். அவர் மூச்சை இழுத்தார். குச்சி இடியாக விழுந்தது. இம்மியும் பிசகவில்லை.

கை போகவில்லை அவையோரே. மூச்சுதான் போயிருந்தது.

நான்கு பேரும் ஒலிப்பதிவாளர் ஐயாவிடம் ஓடினார்கள். அவர் பெருமையோடு, பாடகர் கேட்டுக்கொண்டபடியே எல்லா மூச்சையும் தேடித் தேடி வெட்டிவிட்டேன், ஒன்றுகூட மிச்சமில்லை என்றார். பாடகர் கேட்டுக்கொண்டாரா? மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். குண்டூசி அண்ணன் தரையைப் பார்த்தார். அந்த முள்ளைப் பிடுங்கத்தான் ரகசியமாகக் கேட்டிருக்கிறார். முள்ளோடு உயிரும் போகும் என்று அவர் கண்டாரா?

வெட்டி எறிந்ததை ஒட்டவைக்க முடியுமா? ஒட்டினாலும், தனித்தனி அறையில் அடித்த தாளம் அதற்குப் பொருந்துமா? மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும் என்று அக்கா மேலாளர் அவர்களிடம் போய் நின்றாள். சமைத்து முடித்ததைக் கொட்டிவிட்டு அடுப்புப் பற்றவைக்கிறாயா என்று கேட்டார். தேதி மாறாது, வேண்டுமானால் ஒரே ஒரு நாள் தருகிறேன், அது நன்றாக இல்லையென்றால் மூன்றாவது தொகுப்பு என்ற பேச்சே கிடையாது என்றார். ஐயா, உண்மைதானே? தலையாட்டுகிறார். நன்றி ஐயா.

இடம்? மெத்தை குடோன்தான். ஆனால் அங்கே ஒரு விடுதிக்குத் தைத்த மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அக்கா அப்பாவிடம் கேட்கத் தயங்கி வாசலிலேயே நின்றாள். அப்பா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நின்னுக்கிட்டே இருந்தா மெத்தை தானா நகருமா? அந்தப் பக்கம் பிடி" என்றார்.

பதிவு நாளில் எங்கள் கடையின் தையல் இயந்திரங்கள் வாய்மூடி நின்றன. நான்கு பேரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். முதல் பாட்டு தொடங்கவே இல்லை. குண்டூசி அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, சத்தம் கேட்காமல் மூச்சை இழுக்கிறார். அக்கா காத்திருந்தாள். மறுபடியும் அப்படியே. குச்சிகளைக் கீழே வைத்தாள். பொழுது போய்க்கொண்டிருந்தது.

"இங்க பாருடா," என்றாள், மிக மெதுவாக. "உன் மூச்சு கேக்கலன்னா என் கை எழும்பாது. நீ வெக்கப்பட்டா நாளையிலிருந்து நான் மெத்தை தைக்கணும். சொல்லு, தைக்கவா?"

அவர் அக்காவைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு மூச்சை இழுத்தார் பாருங்கள். அது மூச்சா? புயல் கதவைத் திறந்தது போல இருந்தது. அதன்மேல் விழுந்த அடியில் மெத்தைகள் அதிர்ந்தன, பஞ்சு பறந்தது. ஒலிப்பதிவாளர் ஐயா ஒரு மெத்தைமேல் அமர்ந்து எதையும் வெட்டாமல், எதையும் தொடாமல், எல்லாவற்றையும் அப்படியே பிடித்துக்கொண்டார்.

அதுதான், அவையோரே, முதல் தொகுப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் 'இன்னும் சத்தமாக'. அதுதான் இன்று இந்த அரங்கத்தை நிரப்பியிருக்கிறது. வழுக்கும் இசையை அக்கா வழியனுப்பிவிட்டாள், வாழும் இசையை ஊர் வாரி அணைத்துக்கொண்டது.

சென்ற வாரம் திறந்தவெளி மைதானத்தில் நிகழ்ச்சி. குண்டூசி அண்ணன் ஒலிவாங்கியை உயர்த்தினார். அவர் மூச்சை இழுப்பதற்கு முன்பே மைதானம் இழுத்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை அத்தனை பேரும் சேர்ந்து இழுத்த ஒரே மூச்சு. குண்டூசி அண்ணன் பாடாமல் நின்றுவிட்டார். என் அக்கா நிற்கவில்லை. ஊரின் மூச்சு முடிந்த இடத்தில் ஓங்கி அடித்தாள். எந்த மூச்சுக்காக ஒருவர் வெட்கப்பட்டாரோ, அந்த மூச்சை ஓர் ஊரே தனதாக்கிக்கொண்டது. குறை என்று பிறர் சொன்னதை எல்லாம் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்களைத் தாங்கும் தூண் அதற்குள் இருக்கலாம்.

ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். கடைக்கு வருபவர்கள் மூத்த பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால், வீட்டில் இருக்கிறாள் என்பதே அப்பாவின் பதிலாக இருந்தது. நேற்று தலையணை வாங்க வந்த ஓர் அம்மா அதையே கேட்டார். அப்பா அளவு நாடாவைச் சுருட்டினார். பிறகு விரித்தார். மறுபடி சுருட்டினார்.

"டிரம்ஸ் அடிக்கிறா," என்றார்.

அந்த அம்மா, அது சரி, தொழில் என்ன என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து, "அதாம்மா தொழில்" என்றார்.

தலைமை தாங்கிய மேலாளருக்கும், வெட்டாமல் விட்ட ஒலிப்பதிவாளருக்கும், பத்திரிகையில் அந்த ஒரு வரி எழுதிய புண்ணியவானுக்கும், நடுங்கும் குரலை நகைக்காமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. பெரியோர்களே, தாய்மார்களே, இனி யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பதில்தான். என் அக்கா டிரம்ஸ் அடிக்கிறாள். வணக்கம்.